பெரிய துண்டு

முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவள் வைத்ததுதான் சட்டம். எல்லாருக்கும் அவள் 'பெரியக்கா'. இறைச்சியின் நடுவில் குத்திச் சூடு பார்க்கும் கருவி ஒன்றை நிர்வாகம் வாங்கிக் கொடுத்திருந்தது. "என் கண்ணுக்குத் தெரியாததா இந்தக் கம்பிக்குத் தெரியப்போகுது?" என்று உறைகூடப் பிரிக்காமல் அதை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள். கைப்பக்குவம் உள்ளவர்களுக்கே உரிய திமிர்! சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று கோழி தாமதமாக வந்தது, அதுவும் கல்லாய் உறைந்து. சாப்பாட்டு நேரமோ நெருங்கிவிட்டது. தண்ணீரில் போட்டு, பாதி உருகியதும் அண்டாவில் தள்ளினாள். கொதித்த குழம்பின் மேலாகக் கிடந்த சின்னத் துண்டு ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். பஞ்சாய் வெந்திருந்தது. "இறக்குங்க" என்றாள்.

அந்த இல்லத்திலேயே, ஜன்னலோரக் கட்டிலில், அவளுடைய அப்பாவும் இருந்தார். அவருக்கென்று தினமும் அண்டாவின் அடிவரை கரண்டியை விட்டுத் துழாவுவாள். அன்று இருப்பதிலேயே பெரிய தொடை அகப்பட்டது. அடுத்தடுத்த கட்டில்களில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, கை நடுங்குகிற மனிதருக்குத் தானே பிய்த்து ஊட்டினாள். குழம்பின் நிறத்தில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதில் அவளுக்குத்தான் வயிறு நிறைந்தது.

மறுநாள் இல்லத்தில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மற்றவர்கள் எப்படியோ தேறினார்கள். அப்பா தேறவில்லை. "கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. மனசைத் தேத்திக்குங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எந்த மனசை? பெற்ற அப்பாவுக்கு விஷத்தை ஊட்டிய கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அவர் கண் திறந்திருந்த ஒரு நேரத்தில் கட்டிலருகே குனிந்தாள்.

"அப்பா, சின்னத் துண்டைப் பாத்துட்டு எல்லாம் வெந்துடுச்சுன்னு இறக்கிட்டேன்ப்பா. உங்களுக்குக் குடுத்த பெருசு வேகவே இல்ல. நான்தான்ப்பா..."

"தெரியும்" என்றார்.

"என்னப்பா தெரியும்?"

"எலும்போரம் வேகலன்னு. ரெண்டாவது வாயிலயே தெரிஞ்சுது."

"ஐயோ, அப்ப ஏன்ப்பா துப்பல?"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"அத்தன பேர் நடுவுல நானே துப்பினா, உன் சமையலுக்கு என்னம்மா மரியாத?"