வாய் மூடி வளர்த்த குட்டி

ஓயாமல் பேசும் ‘ரேடியோ அக்கா’வை வாயே திறக்காமல் வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு மிருகக்காட்சிசாலையே விழுந்து விழுந்து சிரித்தது.

"நீயா? ஒரு மணி நேரம் தாங்குவியா?" என்றார் அவள் கணவர். அவரும் அங்கேதான் எலக்ட்ரீஷியன்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குரங்குக்குச் சட்டை மாட்டி டீ குடிக்கவைத்து, மைக்கில் தொண்டை கிழியக் கூட்டம் சேர்த்தவள் அவள்தான். பிறகு டீ நின்றது, யானைச் சவாரி நின்றது, கூண்டுக் கம்பிகளை அறுத்துவிட்டு மரம் நட்டார்கள். இப்போது பின்பக்கம் வேலியடைத்து, அடிபட்டும் அநாதையாகவும் வருவதைத் தேற்றிக் காட்டில் விடுகிறார்கள்.

அப்படி வந்ததுதான் கண் திறக்காத அந்தக் காட்டுப்பூனைக் குட்டி. முகத்தை மூடும் அங்கியோடுதான் உள்ளே போக வேண்டும். பேசக்கூடாது, கொஞ்சக்கூடாது. மனிதக் குரல் பழகினால் நாளைக்கு ஊருக்குள் வந்து அடிபட்டுச் சாகும். பாவம், பகலெல்லாம் அடக்கிவைத்ததைச் சாயங்காலம் கணவர் தலையில்தான் கொட்டினாள்.

ஒன்றை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. குட்டி காய்ச்சலில் துவண்டு, பால் இறங்காமல் கிடந்த மதியம், அவளை மீறி வந்துவிட்டது: "என் தங்கமே, குடிச்சிடும்மா." குட்டியும் குடித்துவிட்டது.

குட்டி இறைச்சி தின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. இன்று சோதனை.

"அங்கி இல்லாம போய்க் கூப்பிடுங்கக்கா," என்றார் டாக்டர். "ஓடி வந்தா ஆயுசுக்கும் கூண்டுதான். பயந்து ஓடினா காட்டுக்கு அனுப்பிடலாம்."

அன்று சொன்னதை விட்டுவிட்டு ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அவள் வாய் திறந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் காட்டோரத்தில் எவளாவது தன் பிள்ளையைக் கொஞ்ச, அதைக் கேட்டு இது போய் நின்றால்? பாழாய்ப்போன மனசு, வந்துவிடேன் என்றும் கெஞ்சியது.

"என் தங்கமே," என்றாள். "குடிச்சிடும்மா."

புல்லுக்குள் காதுகள் நிமிர்ந்தன. குட்டி ஓரடி எடுத்து வைத்தது. அது அவள் முகத்தை நேராகப் பார்த்தது. முதுகு மயிர் சிலிர்த்தது. சீறிக்கொண்டு ஒரே தாவில் மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பயந்துடுச்சுக்கா!"

"என்னைப் பாத்தா?"

"உங்களைப் பாத்துதான்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. புறங்கையால் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். இலைகளுக்கிடையே இரண்டு கண்கள் அவளையே முறைத்துக்கொண்டிருந்தன. காலையில் வைத்த இறைச்சித் தட்டு மரத்தடியில் அப்படியே இருந்தது. அவள் நகர்ந்தால்தான் அது இறங்கும். திரும்பிப் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தாள்.