ஆளுக்கு ஆறு மாதம்

விவாகரத்து ஆனபோது வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வதில் கிளெனிஸுக்கும் ராட்னிக்கும் எந்தத் தகராறும் வரவில்லை. சோபா, பாத்திரம், நாய் எல்லாமே சுமுகமாகத்தான் பிரிந்தன. காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன் என்று வந்தபோதுதான் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் வக்கீல்கள் சலித்துப்போய், வருஷத்தின் முதல் பாதி அவளுக்கு, மறுபாதி அவனுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஜனவரியிலும் ஜூலையிலும் ஏதாவதொரு கடலோர ஊரில் அந்தக் கேரவன் கைமாறும். சாவியைக் கொடுப்பதும் வாங்குவதும்தான், பேச்சு நீளாது. சண்டை முழுவதும் கேரவன் வழியாகவே நடந்தது. அவள் அலமாரிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால், அது வெள்ளையாகித் திரும்பி வரும். அவன் தூண்டில் கழி மாட்ட ஆணி அடித்தால், அவள் முதல் வேலையாக அதைப் பிடுங்குவாள்.

இந்த ஜூலைக் குளிர்காலத்தில் ஸ்ட்ரீக்கி பே என்ற ஊரில் சந்திப்பதாகப் பேச்சு. படகு இறக்கும் இடத்தருகே கேரவனை நிறுத்திவிட்டுக் காரிலேயே காத்திருந்தாள் கிளெனிஸ். ராட்னி பஸ் நிறுத்தத்தின் பக்கமிருந்து தோளில் ஒரு பையோடு நடந்து வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான்.

"உன் வண்டி எங்க?"

"கிம்பா ஊர்கிட்ட படுத்துடுச்சு. கியர்பாக்ஸ். மெக்கானிக்கிட்ட விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ எப்படியும் லிங்கன் வழியாத்தான வீட்டுக்குப் போவ? என்னையும் கேரவனையும் காஃபின் பே ஊர்ல இறக்கி விட்டுட்டுப் போயேன்" என்றான்.

ஒரு பகல் முழுக்க அவனோடு ஒரே காரில். கிளெனிஸ் கடலைப் பார்த்தாள், கேரவனைப் பார்த்தாள். பிறகு, "ஏறு. ஆனா நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவே அவளுக்கு வியப்பாக இருந்தது. ஒன்றாக வாழ்ந்த காலத்தில் கேரவன் மாட்டிய வண்டியை அவன் ஒரு நாளும் அவள் கையில் கொடுத்ததில்லை. காற்று அடிக்கிறது, எதிரே லாரி வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவான். பிரிந்த பிறகுதான், ஆளில்லாத ஒரு ஃபுட்பால் மைதானத்தில் இரண்டு குப்பைத் தொட்டிகளை இடித்துத் தள்ளி அவள் ரிவர்ஸ் எடுக்கவே பழகினாள்.

ஊரைத் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கோதுமை பச்சையாக முளைவிட்டிருந்தது. வலப்பக்கம் மேடுகளின் இடையே கடல் தலைகாட்டுவதும் மறைவதுமாக இருந்தது. எதிரே லாரி வந்தபோதெல்லாம் ராட்னியின் வலது கால் தரையை அழுத்தியது.

"அந்தப் பக்கம் பிரேக் இல்ல, ராட்னி."

"தெரியும். சும்மா காலை நீட்டினேன்." பிறகு அவனால் இருக்க முடியவில்லை. "டிரைவர் அம்மா, கொஞ்சம் கண்ணாடியப் பாருங்க. பின்னாடி நாலு வண்டி உங்களைத் திட்டிக்கிட்டே வருது."

"திட்டட்டும். உன்கிட்ட வாங்காத திட்டா?"

அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

எல்லிஸ்டனில் நிறுத்தி, கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டி வாங்கி, செங்குத்துப் பாறையின் மேல் காருக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே அலை வெள்ளையாகச் சிதறியது. ராட்னி தக்காளி சாஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தான். இடது கையை ஜாக்கெட் பையிலிருந்து எடுக்கவே இல்லை. குளிர் போலும் என்று கிளெனிஸ் ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கேரவன் இடம் வலமாக ஆடத் தொடங்கியது. கிளெனிஸ் பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தாள். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. சாலையோரச் சரளையில் கார் ஏறி நின்றது.

ராட்னி இறங்கிப் போய்ப் பார்த்தான். கேரவனின் இடது டயர் கந்தலாகத் தொங்கியது.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான். வலது கையால் நட்டில் பொருத்தி, இடது கையால் பிடிக்கப் போனான். ஸ்பேனர் நழுவி விழுந்தது. எடுத்தான். மறுபடியும் விழுந்தது.

"ராட்னி, அந்தக் கையைக் காட்டு."

"ஒண்ணுமில்ல. குளிர்ல மரத்துப்போச்சு."

"காட்டுன்னு சொல்றேன்ல."

அவன் கையை நீட்டினான். விரல்கள் பாதி மடங்கியபடி நின்றன. "மூட முடியல" என்றான். "மார்ச்சில சின்னதா ஒரு ஸ்ட்ரோக். பேச்சு, நடை எல்லாம் திரும்பிடுச்சு. இது மட்டும் அடம் பிடிக்குது. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

"அப்ப கியர்பாக்ஸ்?"

"கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஓட்டறவன்தான் படுத்துட்டான்."

கிளெனிஸுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மார்ச்சுல நடந்ததை இப்ப சொல்ற! ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"பண்ணி என்னன்னு சொல்றது? நீ பாவம் பார்ப்ப. இல்லேன்னா, இவனுக்கு எதுக்கு இனிமே கேரவன்னு நீயே வச்சுக்குவ."

"வச்சுக்கறதா? அவ்வளவு கேவலமானவளா நான்?" என்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டாள். நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்று, கேரவனைப் பிடித்துக்கொண்டு உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு மிதித்தாள். நட்டு கிறீச்சிட்டு இளகியது. ஜாக்கியை ஏற்றி, கந்தல் டயரைக் கழற்றி, ஸ்டெப்னியை உருட்டி வந்தாள். ராட்னி ஒரு கையில் நட்டுகளை ஏந்திக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல. நடுரோட்டுல தனியா நின்னா தானா வந்துடும்."

வேலை முடிந்ததும் கோபமும் பாதி வடிந்திருந்தது. கையைத் துடைத்தபடி, "அடிலெய்டுல உன் வீட்டுக்கே திருப்பிக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் கிளெனிஸ். அந்த ஃபிளாட்டுல உக்காந்து ரப்பர் பந்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு பைத்தியம் பிடிக்குது. காஃபின் பே கேரவன் பார்க்குல நோலின்ங்கற ஒருத்தி குளிர்காலம் முழுக்க இருப்பா. வாராவாரம் லிங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. கைக்குப் பயிற்சி அங்கயே குடுப்பாங்க. எல்லாம் பேசிட்டேன். அங்க போய்ச் சேர்றதுதான் பாக்கி."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லும்போது அவன் மூக்கைச் சொறிவான். இப்போது சொறியவில்லை.

காஃபின் பே கேரவன் பார்க்கில் அவர்களுக்குக் கிடைத்த இடம், ஒரு படகுக்கும் குடிநீர்க் குழாய்க் கம்பத்துக்கும் நடுவே நெருக்கலாக இருந்தது. ரிவர்ஸ் எடுக்கப் போகிறார்கள் என்றதும் அக்கம்பக்கத்தவர்கள் பீர் கேனும் கையுமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ராட்னி பின்னால் போய் நின்று நல்ல கையால் சைகை காட்டினான். கிளெனிஸ் கண்ணாடியில் அந்தக் கையை மட்டுமே பார்த்து ஓட்டினாள். ஒரே மூச்சில் கேரவன் உள்ளே போய் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி எழுந்து வந்தாள். "நான்தான் நோலின். இவ்வளவு வருஷத்துல புருஷன் பொண்டாட்டி சத்தம் போடாம ரிவர்ஸ் எடுத்து நான் பாத்ததே இல்ல."

"நாங்க விவாகரத்து ஆனவங்க" என்றாள் கிளெனிஸ்.

"அதானே பார்த்தேன்!"

மூவருமே சிரித்தார்கள்.

கேஸையும் தண்ணீரையும் இணைத்து முடித்ததும் கிளம்ப வேண்டியதுதான். லிங்கனில் மோட்டல் ரூம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் ராட்னி தூண்டிலை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தபோது அவளும் கூடவே போனாள். அவன் வலது கையால் வீசினான், சுற்றத்தான் முடியவில்லை. கேட்காமலே அவள் ரீலைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா. இழு, விடு. கணவா மீன் சும்மா வராது, தூண்டில் இரையை நிஜ இறால் தாவற மாதிரி காட்டணும்."

"சும்மா இரு, எனக்குத் தெரியும்."

சூரியன் இறங்கும் நேரத்தில் கயிறு கனத்தது. அவள் சுற்றினாள், அவன் கழியைப் பிடித்துக்கொண்டான். தண்ணீரிலிருந்து மேலே வந்ததும் கணவா அவள் மேல்சட்டை முழுக்க மையைப் பீய்ச்சி அடித்தது. கிளெனிஸ் துறையே அதிர ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். ராட்னி சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க தங்கறதுக்கு கேபின் ஏதாவது கிடைக்குமா?"

"குளிர்காலம்தானே, காலியாத்தான் கிடக்கும். ஏன்?"

"ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன். டயர் புதுசு வாங்கணும். உன் குறட்டைக்கும் எனக்கும் நடுவுல ஒரு சுவர் இருந்தாப் போதும்."

அவன் கணவாவை நல்ல கையால் தூக்கிப் பார்த்தான். பிறகு, "கணவாவுக்குப் பூண்டு போடட்டுமா, வேண்டாமா?" என்றான்.

"போடு. நான் உரிச்சுத் தரேன்."