பதினைந்தா, பதினாறா

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என் பிழைப்பிலிருந்து வந்தது. திண்டுக்கல்லில் ஒரு நாளிதழுக்கு ‘வரலாற்றில் இன்று’ பகுதியை நான்தான் எழுதுகிறேன். ஜனவரி 15 ஒரு விசித்திரமான தேதி. 1919இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சர்க்கரைப் பாகுத் தொட்டி ஒன்று வெடித்து, பாகு வெள்ளத்தில் இருபத்தொரு பேர் செத்தார்கள். 2009இல் நியூயார்க்கில் ஆற்றில் இறங்கிய விமானத்திலிருந்து நூற்று ஐம்பத்தைந்து பேரும் பிழைத்தார்கள்.

2

நாகல்நகர் பாலத்தின் மேல் காலை வெயில் (வேண்டாம். வெயிலைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்.)

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சூர்யகலா அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணவர் அய்யனார் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2019 பொங்கலன்று அவரைக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கினார்கள். விஷவாயு தாக்கி உள்ளேயே இறந்தார். முதலாளியின் காகிதங்களில் அவர் இறந்தது மறுநாள், வீட்டில், மாரடைப்பால்.

“அண்ணே, எந்தெந்த நாட்டுக் கதையோ போடுறீக. எங்க வீட்டுக்காரரு பதினஞ்சாந்தேதி தொட்டிக்குள்ளதான் செத்தாருன்னு ஒரு வரி போடுங்க. அம்புட்டுத்தான்.”

“கோர்ட்டுல அது சாட்சியாகாதும்மா.”

“சாட்சிக்கு இல்லண்ணே. எம் மக பள்ளிக்கூடத்துல பதினாறுன்னு எழுதிக் குடுத்துட்டு வாரா. சர்ட்டிபிகேட்ல அப்பிடித்தான இருக்கு.”

போடுகிறேன் என்றேன்.

3

எழுதவும் செய்தேன். பாகு, விமானம், அப்புறம் அய்யனார்.

ஆசிரியர் முத்துச்சாமி அந்த வரியை அடித்துவிட்டதாக இங்கே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து மிரட்டல் வந்ததாக இன்னொன்று. இரண்டும் பொய். முத்துச்சாமி அந்தப் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. யாரும் போன் செய்யவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தத் தொழிற்சாலையின் பொங்கல் வாழ்த்து விளம்பரம் இருந்தது, அவ்வளவுதான். யாரும் சொல்லாமல் நானே அந்த வரியை அழித்தேன். காலியான இடத்துக்கு விமானத்தின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

4

பதினேழாம் தேதி சூர்யகலா மறுபடி வந்தார், கையில் பேப்பரோடு. திட்டியிருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும்.

“நான் எழுத்துக்கூட்டித்தாண்ணே படிப்பேன். மூணு தரம் பாத்துட்டேன், கண்ணுக்கு ஆப்பிடல. எந்த வரின்னு கைய வச்சுக் காட்டுங்க. மககிட்டக் குடுக்கிறதுக்கு முன்னாடி நான் ஒருக்கா பாத்துக்கிறேன்.”

மேசைமேல் பேப்பரை விரித்துப் பிடித்தார். நான் மெல்ல

(இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை தொடங்கிவிட்டேன்.)

வாசகரே, அவர் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். என்னால் ஆகவில்லை. நீங்கள் காட்டுங்கள், எந்த வரி?