ஜன்னலுக்கு வெளியே நின்ற விருந்தாளி

எங்கள் நரின் நகரக் கல்லூரியில் இரண்டு பருவங்கள். ஒன்று குளிர்காலம். மற்றது, குளிர்காலம் வரப்போகிறதென்று எல்லோரும் பேசிக்கொள்ளும் காலம்.

தெற்கே ஓஷ் நகரக் கல்லூரி வேறு மாதிரி. என் அறைத்தோழன் குபாத்தின் சித்தி மகன் சமத் அங்கே படிக்கிறான். மார்ச் பிறந்ததும், பூத்துக் குலுங்கும் ஆப்ரிகாட் மரத்தடியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு படிப்பதுபோல ஒரு படம் அனுப்பினான். புத்தகம் தலைகீழாக இருந்தது. எல்லோரும் வெயிலைத்தான் பார்த்தார்கள்.

குபாத்தின் அம்மாவும் பார்த்தார்.

"அவன் பூவுக்கடியில படிக்கிறான். நீ மூக்கு செவந்து கெடக்குற. ஞாயித்துக்கெழமை உன் காலேஜை போன்ல காட்டு. சரியில்லன்னா உன்னையும் ஓஷுக்கு மாத்திடுவேன்."

மாற்றினால் குபாத்துக்கு சமத்தோடு ஒரே அறை. சமத் அடுத்தவன் உடுப்பை மாட்டிக்கொள்பவன். காலுறையைத் திருப்பித் தந்தால் ஒன்றுதான் தருவான். எங்களுக்கும் நஷ்டம்தான். குபாத் வீட்டிலிருந்து வரும் அரிசி நின்றால் மறுபடி மாக்கரோனி.

ஆகவே வசந்தத்தை நாங்களே தயாரித்தோம். மூன்று ஹீட்டர் இரவல் வாங்கினோம். கழிப்பறைக் காகிதத்தை பீட்ரூட் சாற்றில் நனைத்துப் பூ செய்து, ஒரு குச்சியில் கட்டி, ஜன்னலோரம் நட்டோம். பனியனோடு உட்கார்ந்து, ரொட்டியும் தேநீரும் வைத்துக்கொண்டு, விசிறிக்கொண்டோம்.

"பரவாயில்லையே, பூவெல்லாம் பூத்திருக்கு" என்றார் அம்மா. "கிட்ட காட்டு."

குபாத் போனை ஜன்னலருகே கொண்டுபோனான்.

"அது யாருடா வெளிய?"

கொடியில் கிடந்த என் பஞ்சுக் கோட்டும், அதோடு சேர்த்துக் கிளிப் மாட்டிய கால்சட்டையும்தான் அது. காய்வதற்குப் பதில் உறைந்து, கைகளை விரித்தபடி நின்றது. அதற்குத் தொப்பி வைத்துவிட்டதும் நான்தான். ஆனால் குபாத் முந்திக்கொண்டான்.

"காவல்காரர்மா."

"நீங்க உள்ள டீ குடிக்கிறீங்க, பெரிய மனுஷன் வெளிய நிக்கிறாரா? ரொட்டி ஒரு விள்ளலாவது வாயில வைக்காம ஆளை அனுப்புற வீடாடா நம்ம வீடு? கூப்பிடு உள்ள."

"அவரு கூச்சப்படுவாரும்மா."

"தம்பி தெமிர், நீ போய்க் கூட்டிட்டு வாப்பா."

போனேன். அவரை விறைப்பாகத் தூக்கிவந்து, முகம் தெரியாதபடி முதுகைக் காட்டி நிறுத்தினேன்.

"ஒக்காருங்க அண்ணே" என்றார் அம்மா.

அண்ணன் அசையவில்லை. மூன்று ஹீட்டரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் முழங்கால் மடங்கியது.

"பாவம், எவ்ளோ மரியாதை."

பிறகு இடுப்பு மடங்கியது. பிறகு தலை கழன்று தேநீருக்குள் விழுந்தது. மீதி ஆள் தரையில் குவிந்து ஈரமானார்.

அம்மா போனுக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"துணி நிக்கிற அளவுக்கா குளுரு?"

"ஆமாம்மா" என்றான் குபாத்.

"வெளிய சுத்த முடியாது?"

"முடியாது."

"மரத்தடியில பொண்ணுங்ககூட உக்காந்து பேச?"

"இங்க மரமே இல்லம்மா. இது குச்சி."

அவர் எதையோ தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. சமத்தின் படமாகத்தான் இருக்க வேண்டும்.

"இவன் புத்தகத்தைத் தலைகீழா வச்சிருக்கான்" என்றார் மெதுவாக. "நீ அங்கயே இரு. அதுதான் படிக்கிற எடம். தங்கச்சிகிட்ட நான் பேசறேன்."

பேசிவிட்டார். மறுவாரமே, குபாத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் சமத் வந்து இறங்கினான்.

முதல் நாள் காலையிலேயே, கொடியில் உறைந்து கிடந்த என் கால்சட்டையைக் காணோம். வகுப்புக்குப் போனால், கடைசி வரிசைக்குப் பின்னால் சமத் முழங்கால் மடங்காமல் நின்றுகொண்டிருந்தான். ஓஷ் பையன்களின் பணிவைப் பாருங்கள் என்று பேராசிரியர் எங்களுக்குக் காட்டினார்.

மாலையில் குபாத்தின் அம்மா போனில் கேட்டார்: "சமத் எப்படிப் படிக்கிறான்?"

"நின்னுக்கிட்டே படிக்கிறாம்மா" என்றான் குபாத், தன்னிடம் மிச்சமிருந்த ஒற்றைக் காலுறையைப் பார்த்தபடி.