ஓர வரிசைக்கு ஒரு டம்ளர்

கொடியிலிருந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையை உருவியபோதுதான் அவள் முரடனைப் பார்த்தாள். முரடன் செத்துக்கொண்டிருந்தான்.

அப்பா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அவள் ரயிலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடலைக் கொண்டுவருவதற்குள் நல்ல சட்டை வேண்டும் என்று அம்மா மாடிக்கு அனுப்பியிருந்தாள்.

முரடன் என்பது ஒரு பயறு ரகத்துக்கு அவள் வைத்த பெயர். மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாகப் பல ரகப் பயறுகளை வளர்த்து, தண்ணீரை நிறுத்திவிட்டு, எது கடைசிவரை தாங்குகிறது என்று பார்த்ததுதான் அவளுடைய இளங்கலைக் கடைசி வருட ஆய்வு. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தலை சாய, சுவரோர வரிசை மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது. அதுதான் முரடன்.

"முதுகலை படிக்காத பொண்ண நேரா முனைவர் பட்டத்துக்கு ஏன் எடுக்கணும்?" என்று நேர்முகத் தேர்வில் பேராசிரியை கேட்டபோது, அவள் முரடனின் படத்தைத்தான் மேசைமேல் வைத்தாள். எடுத்துக்கொண்டார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். "எம்பொண்ணு படி ஏறல, லிஃப்ட்ல போய்ட்டா," என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

லிஃப்டில் போனவளுக்கு மேலே பேச்சுத்துணை இல்லை. ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லோரும் முதுகலை முடித்தவர்கள். அவர்கள் பேச்சில் பாதி புரியாது. மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போடுவாள். அதே ரகங்களை மாடியில் மறுபடி விதைத்து வளர்த்து, இனித் தண்ணீர் காட்டவே கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போன மாதம் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"முரடன் எப்படிப்பா இருக்கான்?"

"அவனுக்கென்ன குட்டி, ராஜா மாதிரி நிக்கிறான்."

இப்போது மற்ற வரிசைகள் லேசாக வாடியிருந்தாலும் நின்றுகொண்டிருந்தன. ராஜாதான் துவண்டு கிடந்தார்.

அவளைத் தேடிக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தை மேலே வந்தாள். தொட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"உங்கப்பா படுத்ததுலேர்ந்து இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா, பாவம்."

"தண்ணியா?"

"ஆமா கண்ணு. போன வருஷமும் நீ காலேஜுக்குக் கிளம்புனதும் டம்ளரோட ஏறிடுவாரு. 'இது ஒண்ணுதான் சவலப்பிள்ள, வாடுறதப் பாத்தா மனசு கேக்கல'ம்பாரு. எல்லாத்துக்கும் ஊத்துனா நீ கண்டுபிடிச்சிடுவியாம். 'இதுக்கு மட்டும் ஒரு டம்ளர் ஊத்துனா என்ன, குடியா முழுகிடும்'னு சிரிப்பாரு. தங்கமான மனுஷன்."

குடிதான் முழுகிவிட்டது என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. ஐயோ அப்பா, என்ன காரியம் செஞ்சீங்க! இருப்பதிலேயே நோஞ்சானை வைத்துக்கொண்டா அவள் அத்தனை பெரியவர்கள் முன்னால் பெருமையடித்தாள்? அப்பாவிடம் சண்டை போட வேண்டும். அப்பாவோ வண்டியில் வந்துகொண்டிருந்தார்.

வந்தார். சட்டையைப் போட்டுவிட்டார்கள். கழுத்துப் பொத்தானை அவள்தான் மாட்டினாள். அது லேசில் மாட்டவில்லை. அத்தை வந்தவர்களிடமெல்லாம் டம்ளர் கதையைச் சொன்னாள். "செடிக்கே இப்படி உருகுனவரு, பொண்ணுக்கு எவ்ளோ உருகியிருப்பாரு," என்று யாரோ சொன்னார்கள். அம்மா தலையாட்டி அழுதாள். அவளுக்கு மட்டும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அந்தக் கதைக்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு பேராசிரியை கூப்பிட்டார்.

"அவசரமே இல்லம்மா. அம்மாவப் பாத்துக்கோ. முரடன் விதையெல்லாம் இங்க பத்திரமா இருக்கு. நீ வந்ததும் ஆரம்பிக்கலாம்."

சரி மேடம் என்றால் போதும். அங்கே அது வாடினால் மண்ணையோ வெளிச்சத்தையோ குறை சொல்லிக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"மேடம், அந்த வரிசைக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க. எனக்குத் தெரியாம. தினமும்."



"யாரும்மா ஊத்துனது?"

"எங்கப்பா."

அதைச் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. பேராசிரியை அவள் ஓயும்வரை போனை வைக்கவில்லை.

"அத வச்சுத்தான் சீட்டே குடுத்தாங்க. நான் மட்டும் முடிவு பண்ண முடியாதும்மா, குழுவுல சொல்லியாகணும்," என்றார். பிறகு, "நீ வா, பேசுவோம்," என்று வைத்தார்.

அவள் மாடிக்குப் போனாள். டம்ளரைத் தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா எதையும் ஒளித்துவைக்கும் இடம் ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டியின் பின்புறம். குழாயில் பிடித்து வந்து ஓர வரிசைக்கு ஊற்றினாள். மண் சத்தம்போட்டுக் குடித்தது. மற்ற வரிசைகளைப் பார்த்தாள். அவற்றுக்கு ஊற்றவில்லை.

பிறகு டம்ளரை எடுத்த இடத்திலேயே, யார் கண்ணிலும் படாதபடி, கவிழ்த்து வைத்தாள்.