குடிக்காமல் வைத்த கிண்ணம்

பாலைவன ஊரான ஆதமில் ஜூன் பிறந்தால் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். கை கழுவக்கூட இரவே வாளியில் பிடித்து வைக்க வேண்டும். மனைவி ரய்யா இறந்த பிறகு நப்ஹான் பிடித்து வைப்பதை விட்டுவிட்டான். சுட்டால் சுடட்டும்.

மகள் ஷதா ஜபல் அக்தரில், மலைமேல், மாமனார் வீட்டில் இருந்தாள். தாயை அடக்கம் செய்த வாரத்திலேயே மாமி தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை இனி அங்கேயே வளரட்டுமா என்று பேசி முடிக்க மாமனார் கல்ஃபான் இன்று வரச் சொல்லியிருந்தார். நப்ஹானிடம் பதில் தயாராக இருந்தது. உங்கள் இஷ்டம். பல மாதங்களாக எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் மலைச்சாலையில் விடமாட்டார்கள். ரய்யாவின் தம்பி ஸாஹிருக்கு அது தெரியாததல்ல. இருந்தும் தன் சின்னக் காரிலேயே நப்ஹானை அழைத்து வந்து, அடிவாரச் சோதனைச் சாவடிப் போலீஸ்காரரிடம் பல்லைக் காட்டிப் பார்த்தான். பலிக்கவில்லை. விடிகிற நேரத்தில் இருவரும் பழைய கழுதைப் பாதையில் ஏறத் தொடங்கினார்கள்.

"மச்சான், மெதுவாப் போ. மேல பொண்ணா பாத்து வச்சிருக்கு?" என்று பின்னாலிருந்து கத்திய ஸாஹிர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நப்ஹான் திரும்பவில்லை. "வயித்த அந்தப் பாறையில இறக்கி வச்சிட்டு வா. வேகமா வரலாம்."

பாதி மலையில் ஒரு காட்டு ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்தார்கள். கீழே பாலைவனம் வெளுத்துக் கிடந்தது.

"வாப்பா உன்கிட்ட கேக்கத்தான் போறாரு. என்ன சொல்வே?" என்றான் ஸாஹிர்.

"அவர் இஷ்டம்."

"உன் புள்ளடா அது. ஆட்டுக்குட்டியா? அவர் இஷ்டமாம்!"

நப்ஹான் தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டு எழுந்தான்.

உச்சிக்குப் பக்கத்தில் காற்று மாறியது. வியர்வை காய்ந்து முதுகு சில்லிட்டது. அவனுக்குத் தும்மல் வந்தது. இந்த மாதத்தில் தும்மல்! ஸாஹிர் சிரித்தான்.

வாதுமை மரத்தடியில் பாய் விரித்திருந்தது. பேரீச்சம்பழம், தட்டு நிறைய ஆப்ரிகாட். ஷதா மாமியின் மடியில் இருந்தாள். பால் விற்கிறவனைப் பார்ப்பதுபோல அப்பனைப் பார்த்தாள். கல்ஃபான் தன் கையாலேயே கிண்ணத்தில் காவா காப்பி ஊற்றிக் கொடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நப்ஹான் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. ஷதா ஓர் ஆப்ரிகாட் கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மாமி சமையலறைப் பக்கம் திரும்பி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நப்ஹான் கிண்ணத்தைப் பாயில் வைத்துவிட்டுப் பாய்ந்தான். குழந்தையின் வாயில் விரலை விட்டான். நறுக்கென்று கடித்தாள். வலித்தது. கொட்டையை எடுத்துவிட்டான். அவள் வீறிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லார் கண்ணும் கிண்ணத்தின் மேல் இருந்தது. நிறைந்தபடி, வாய் படாமல், மாமனாருக்கு எதிரே.

அவர்கள் வழக்கத்தில் விருந்தாளி அப்படி வைத்தால் கேட்க ஏதோ இருக்கிறது என்று பொருள். தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தால்தான் குடிப்பான். என்ன கேட்கப்போகிறான் என்று விசாரிப்பது குடும்பத்துக்கு அழகல்ல.

கல்ஃபானின் முகம் சுருங்கியது. குழந்தையைக் கேட்க இருந்தவர் அவர்.

"கேளு மாப்ள. குடுத்தாச்சு," என்றார்.

தெரியாமல் வைத்துவிட்டேன் என்று சொல்லலாம். சிரித்துவிட்டு எடுத்துக் குடிக்கலாம். ஸாஹிரின் உதட்டில் சிரிப்பு அதற்கே காத்திருந்தது. நப்ஹான் விரலைப் பார்த்தான். நாலு பல்லின் தடம் சிவந்திருந்தது.

"ஷதா என்கிட்ட வளரட்டும் மாமா."

"ஆதம்லயா? இந்த வெயில்லயா?" என்று மாமி குழந்தையை இறுக்கினாள்.

"வெயில் தணியிற வரைக்கும் இங்க இருக்கட்டும் மாமி. வெள்ளிக்கிழமை தோறும் வர்றேன். அப்பறம் கூட்டிட்டுப் போறேன்."

"யாரு பாத்துக்குவா? நீ வேலைக்குப் போனா?"

"தெரியல," என்றான். உண்மையிலேயே தெரியவில்லை. "ஏதாவது வழி பண்றேன்."

கல்ஃபான் மனைவியைப் பார்க்கவில்லை. "வாக்குன்னா வாக்குதான். குடி, ஆறுது."

ஆறித்தான் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தான். பிறகு எழுந்து போய்க் கையை நீட்டினான். மாமி வெகுநேரம் விடவில்லை. விட்டதும் ஷதா உடலை வில்லாய் வளைத்து அலறினாள். அவன் மூக்கில் அறைந்தாள்.

"குடுத்துரு மாப்ள, அழுது புள்ள," என்று மாமி கையேந்தினாள்.

"அழட்டும் மாமி," என்றான் நப்ஹான். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்தான்.