அபுல் ஹஸன் மௌத்தாகாத நாள்

எங்கள் ஊரில் அறிவித்தல் என்றால் ஸிராஜ்தான். ஓட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பதினைந்து வருடமாகக் கல்முனை முழுக்க ஜனாஸா அறிவித்தல், அதுதான் சாவு அறிவித்தல், செய்கிறவன். அவன் குரல் தெருமுனையில் கேட்டாலே பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு, மௌத்தானது யார் என்று காது கொடுப்பார்கள். அந்தக் குரலைப் போய்க் கூடைப்பந்துப் போட்டிக்குப் பிடித்தவன் இந்த அபுல் ஹஸன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தலசீமியா நோய் பற்றிய ஆய்வுக்கு நிதி சேர்க்கும் போட்டி அது. அந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஹஸனுக்குப் பெரிய மனசு என்று ஊர் சொன்னது. மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிலிப்பின் மகள் டிலக்சினிக்கு அந்த நோய். விஷயம் அவ்வளவுதான்.

நானும் பிலிப்பும் இருபது வருடம் ஒரே அணியில் ஆடியவர்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் இறுதி ஆட்டம். கடைசி நொடி, ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம். இடது மூலையில் பிலிப்பு தனியாக நின்று, "ஹஸன், ஹஸன்" என்று கத்துகிறான். நான் கொடுக்கவில்லை. நானே எறிந்தேன். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

"ஏன் தரல்ல?" என்று கேட்டான். பிழைதான் மச்சான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "தந்திருந்தா மட்டும் நீ போட்டிருப்பியா?" என்றேன். அன்றோடு கதை பேச்சு நின்றது. மகளுக்கு அந்த நோய் என்று கேள்விப்பட்டு இரண்டு தரம் அவன் வீட்டு கேற் வரை மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பி வந்தேன். பெரிய வீரன் நான்.

போட்டிக்கான அழைப்பிதழைக்கூட என் மகன் ஸஜாத்திடம்தான் கொடுத்தனுப்பினேன். "நேர போய்க் கூப்பிட்டா வாய் தேஞ்சிருமா?" என்று கேட்டாள் என் மனைவி ஹாஜறா. அவள் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனேன். பிலிப்பு வர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் நாற்பது வயது தாண்டிய எங்கள் அணிக்கும் வங்கி உத்தியோகத்தர்களுக்கும் ஆட்டம். நாலு மணிக்கு மைதானத்தில் ஆட்டக்காரரின் குடும்பங்களும் ஒரு ஐஸ்கிறீம் வண்டியும்தான். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை, தொப்பி, தொங்கிப்போன முகம். ஒருவர் என்னைக் கண்டதும் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இரண்டடி பின்னால் போனார். அப்போது ஹாஜறா தொலைபேசியில் வந்தாள்.

"ஸஜாத்ட வாப்பா, நீங்க உசிரோடயா இரிக்கீங்க? வீடு நிறையப் பொம்புளயள் வந்து அழுறாங்க. எனக்குச் சீனித் தண்ணி கரைச்சுத் தாறாங்க."

ஸிராஜைப் பிடித்தேன். "என்னடா செல்லி அறிவிச்ச?"

அவன் மனப்பாடமாகச் சொன்னான். "மர்ஹூம் இஸ்மாலெவ்வையின் மகனும், ஹாஜறாவின் அன்புக் கணவரும், ஸஜாத், ஸம்றா ஆகியோரின் பாசமிகு தந்தையுமான அபுல் ஹஸன் அவர்களின் ஏற்பாட்டில், இன்று பின்னேரம் நாலரை மணிக்கு மைதானத்தில் கூடைப்பந்துப் போட்டி நடைபெறும் எண்டுதான் செல்லினன் காக்கா. எனக்கு வேற மாதிரித் தொடங்க வராது."

ஓட்டோ ஓடிக்கொண்டே இருக்கும். பாதித் தெருக்களுக்கு 'நாலரை மணிக்கு மைதானத்தில்' என்பது வரைதான் கேட்டிருக்கிறது. அவனைத் திட்ட வாயைத் திறந்தபோது, வாசலில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது.

பிலிப்பு. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் மையித்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டோம், அன்றைக்கே அடக்கிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். விசாரித்துக்கொண்டு நின்றால் முகம் பார்க்கக் கிடைக்காது என்று ஓடி வந்திருக்கிறான். எங்கள் அணி நளீமின் தோளைப் பிடித்து, "எங்க வச்சிருக்கு?" என்று கேட்டான். நளீம் என்னைக் காட்டினான். நான் அரைக் காற்சட்டையோடு பந்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

கிட்ட வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நீ சாகல்லையா?"

"இல்ல மச்சான்."

"கதைக்காமலே போயிட்டாய் எண்டு வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான், தெரியுமா?"

ஒன்பது வருடம் தொண்டையில் கிடந்தது தானாக வெளியே வந்தது. "அண்டைக்குப் பந்த உனக்குத் தந்திரிக்கணும். பிழை என்னில."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "டிலக்சினிக்காகத்தானே இதெல்லாம்?"

"ஓம்."

"வந்து சொன்னா என்ன?"

"வெக்கம்."

அவன் குனிந்து காற்சட்டையை முழங்கால் வரை மடித்தான். "நளீம்ட முழங்காலுக்கு ஏலாதாமே. அந்தச் சப்பாத்த எனக்குத் தரச் சொல்லு."

மௌத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. செத்தவன் ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. நான் பந்தைத் தொட்டபோதெல்லாம் "மையித்து, மையித்து" என்று கூவினார்கள். நிதிப் பெட்டி நிரம்பி, ஐஸ்கிறீம்காரனிடம் ஒரு வாளி இரவல் வாங்கினோம்.

கடைசி நொடி. ஒரு புள்ளி பின்னால். பந்து என் கையில், வளையத்துக்கு நேர் வழி. இடது மூலையில் பிலிப்பு நின்றான். இந்த முறை அவன் கூப்பிடவில்லை. கைகளை மட்டும் விரித்து வைத்திருந்தான். கொடுத்தேன்.

எறிந்தான். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது.

பிலிப்பு வளையத்தை ஒரு தரம் பார்த்தான், என்னை ஒரு தரம் பார்த்தான்.

"நீ அண்டைக்குச் சொன்னது சரிதான் மச்சான்," என்றான். "தந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டன்."

இரண்டு பேரும் அந்தச் சீமெந்துத் தரையிலேயே குந்திவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது.